முப்பத்திரண்டு வாயும் ஒரு பாட்டும்

— வாயை மட்டும் அசைன்னு சொன்னியா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லு.

— வா அக்கா. செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வா, இப்பதான் பாட்டு கிளாஸ் தரையைத் துடைச்சுட்டுப் போனாங்க.

— குட்டி, என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே. பத்து நாளா எம்பொண்ணு வீட்டுல ஒரு வரி முணுமுணுக்கல. பல்லு தேய்க்கும்போதுகூடப் பாடுறவ அவ. நேத்து பிடிச்சு உலுக்கினதுல சொல்லிட்டா. சித்தி என்னைப் பாட வேணாம்னுட்டாங்க, சும்மா நின்னு வாயசைச்சாப் போதுமாம்னு.

— சொன்னேன். அந்த நாற்காலியை இப்படித் தள்ளு.

— தள்ளுறேன், உன் தலையில! எதுக்குடி அப்படிச் சொன்னே?

— நாளைக்குப் போட்டியில பாடப் போறது எல்லாரும் ஒரே குரலாப் பாடுற பாட்டு அக்கா. மேல் குரல், கீழ் குரல்னு பிரிச்சுக்கிட்டு ஒளிஞ்சுக்க இடம் கிடையாது. முப்பத்திரண்டு பிள்ளைங்க, எல்லாம் எட்டு வயசு, ஒன்பது வயசு. முதல் மாசம் ராகமே கிடையாது, வார்த்தைகளைக் கைதட்டிச் சொல்ல மட்டும் வச்சேன். அப்புறம் ஒவ்வொரு வரியா. மூச்சு எங்கே எடுக்கணும்னு ஒவ்வொருத்தர் தாள்லயும் பென்சில்ல கோடு போட்டிருக்கேன். ஒரு பிள்ளை அரை நொடி முந்தினாலும் போச்சு, வெள்ளைத் துணியில மை கொட்டின மாதிரி ஆயிடும்.

— எம்பொண்ணு முந்துறாளா?

— இல்ல.

— சுருதி விலகுதா?

— அதுவும் இல்ல. மொத்தக் கூட்டத்துலயும் அவதான் சுத்தம். மத்த பிள்ளைங்க அவளைக் கேட்டுத்தான் சரி பண்ணிக்கும்.

— அடிப்பாவி! அப்புறம் ஏண்டி?

— நிஜமாவே உனக்குத் தெரியலையா?

— தெரிஞ்சா ஏன் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு உன் முன்னாடி வந்து நிக்கறேன்?

— சரி, கேட்டுக்கோ. உனக்குப் பதினாலு வயசு, எனக்கு ஒன்பது. பாட்டுக் குழுவுக்கு நீதான் தலைவி. மேடை ஏறப் போற நேரம் என்னைத் தனியாத் திரைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனே. கையில ஒரு மிட்டாயைத் திணிச்சே. குட்டி, உன் குரல் கரகரன்னு இருக்கு, நீ வாயை மட்டும் அசைன்னே.

— ஐயோ, அதுவா? அது நடந்து இருபத்தாறு வருஷம் இருக்கும்டி!

— இருபத்தேழு. அம்மா ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தாங்க. வீடு வர்ற வரைக்கும் என் கையை விடல. அத்தனை பேர்லயும் உன் குரல்தாண்டி கண்ணு தனியாக் கேட்டுச்சுன்னு சொல்லிச் சொல்லி பூரிச்சாங்க. நான் ஒரு எழுத்துகூடப் பாடல அக்கா. நீ பக்கத்துலயே நடந்து வந்தே. சிரிச்சே.

— சின்னப் புள்ளத்தனம்டி அது. அதை மனசுல வச்சுக்கிட்டு பச்சைப் புள்ளை மேல பழி தீர்ப்பியா?

— உன்னைத் திட்டினா உறைக்குமா? எருமைத் தோலு உனக்கு. உனக்கு நோகுற இடம் அவ ஒருத்திதான். அதான் அவளைத் தனியாக் கூப்பிட்டேன். மிட்டாய் குடுத்தேன். ஒரு வார்த்தை மாறாம அதையே சொன்னேன்.

— நாளைக்கு அத்தனை பள்ளிக்கூடமும் வர்ற போட்டி. அதுல நீ ஜெயிச்சாத்தான் உன்னை இங்கே நிரந்தரம் ஆக்குவோம்னு பெரிய மிஸ் சொல்லியிருக்காங்க. நல்ல குரலை மூடி வச்சுட்டு எப்படி ஜெயிப்பே?

— மிச்சம் முப்பத்தொரு பேர் இருக்காங்க. போதும். நீயும் ரெண்டாவது வரிசையில வந்து உக்காரு. உம்பொண்ணு குரல் எங்கேன்னு நல்லாத் தேடு.

— உன் குரல் கரகரன்னு இல்ல குட்டி.

— என்ன?

— பொய் சொன்னேன். கண்ணாடி மாதிரி இருக்கும் உன் குரல். நீ பாடினா அம்மா கையில கரண்டியோட வந்து நிப்பாங்க. நான் பாடினா, யாருடி அது, ரேடியோவைக் குறைன்னுவாங்க. பொறாமை. போதுமா? இதை என் வாயால கேக்கத்தானே இத்தனையும்?

— இன்னொரு தடவை சொல்லு.

— பொறாமைடி! உன் குரலை நான்தான் அமுக்கினேன். காலைப் பிடிக்கணுமா? நீட்டு, பிடிக்கறேன்.

— சீ, எந்திரி. முட்டி வலின்னு நாளைக்கு நீ புலம்புறதை யார் கேக்கறது? எந்திரி அக்கா. அழாதே. நீ அழறதைப் பார்க்கணும்னு எத்தனையோ வருஷம் வேண்டியிருக்கேன், இப்பப் பார்த்தா நல்லாவே இல்ல.

— நாளைக்கு அவளைப் பாட விடுவியா?

— விடுறேன். சுண்டு! ஏய் சுண்டு, வராந்தாவுலதானே நிக்கறே? உள்ளே வா.

— சொல்லுங்க மிஸ்.

— என்ன புதுசா மிஸ்ஸு? யாரும் இல்ல, சித்தின்னே கூப்பிடு. இங்கே பாரு தங்கம், சித்தி தப்புப் பண்ணிட்டேன். நாளைக்கு நீ முழுசாப் பாடணும். முன்வரிசையில நடுவுல உன்னைத்தான் நிறுத்தப் போறேன்.

— வேணாம் மிஸ்.

— ஏண்டி செல்லம், அம்மாதான் பேசி சரி பண்ணிட்டேன்ல?

— நாங்களும் பேசி முடிச்சாச்சும்மா. மிஸ் சொன்னதை நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பின்வரிசை இரட்டைப் பொண்ணுங்க ரெண்டும் அழுதுச்சு. அப்புறம் அதுங்கதான் யோசனை சொல்லுச்சு.

— என்ன யோசனை? சுண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— இன்னைக்கு மதியமே மாடிப்படியில நின்னு ஒத்திகையும் பார்த்துட்டோம் மிஸ். முப்பத்திரண்டு பேரும் வாயை மட்டும் அசைச்சோம், முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் ஒருத்தர்கிட்டருந்தும் சத்தமே வரல, ஒரு தப்புகூட இல்ல.