வெள்ளைப் பவளத்தில் உயிர் கண்டவருக்கு

சான் விடால் நகராட்சிக் கடல்காவல் அலுவலகத்தின் தலைவராய், சினத்தில் சுறாவாய், சிரிப்பில் சிறுபிள்ளையாய் எங்களை ஆண்ட பெருமதிப்பிற்குரிய எலூதெரியோ சார் அவர்களுக்கு அன்பும் கொஞ்சம் அச்சமும் கலந்த வணக்கம்.

கடமை தவறாமல் இத்தனை ஆண்டுகள் கடலைக் காத்தீர்கள். காலணி நனையாமல் காத்தீர்கள் என்பதையும் தாங்கள் ஓய்வுபெறும் இந்நன்னாளில் சொல்லியாக வேண்டும். போன கோடையில் கடல் சூடேறிப் பவளப்பாறை முழுதும் வெளுத்தபோது, மீனவர் தலைவர் நெமெசியோ ஊர்மன்றத்தில் எழுந்தார். "செத்த பவளத்துக்கு எதுக்குங்க காவல்? மீன்பிடித் தடைய எடுங்க, வலை போடறோம்." எவ்வளவு செத்தது என்று கணக்கெடுத்து வரச் சொன்னது மன்றம். கடலடிக்கு இருவராகத்தான் இறங்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் முக்குளிக்கத் தெரிந்தவளோ மரிவிக் ஒருத்திதான். ஓய்வை எதிர்நோக்கியிருந்த தாங்கள் காற்று உருளையை முதுகில் ஏற்றினீர்கள்.

தாங்கள் முக்குளிக்கக் கற்ற கதையைக் கடல் அறியும். காலை உதைத்து மணலைக் கிளப்பினீர்கள். கையை வீசிப் பவளத்தை உடைக்கப் பார்த்தீர்கள். "ஆபீஸ்லதான் கைய ஆட்டி அதிகாரம் பண்றீங்க, இங்கயாவது கட்டிக்கிட்டு வாங்க சார்" என்று மேலே வந்ததும் சொன்னாள் மரிவிக். கட்டிக்கொண்டீர்கள். படகில் இருந்த நாங்கள் தங்கள் மூச்சுக் குமிழிகளிலிருந்து கண்ணெடுக்காமல் எல்லாப் புனிதர்களையும் வேண்டிக்கொண்டோம்.

கணக்கெடுப்பு நாளில், அளவுநாடாவின் கீழே கண்டதையெல்லாம் செத்தது, செத்தது என்றே பலகையில் எழுதிச் சென்றீர்கள். மரிவிக் தங்கள் தோளைப் பிடித்து, முகத்தைப் பவளத்தின் அருகே கொண்டுபோனாள். வெள்ளைக் கிளையெங்கும் கண்ணாடி போன்ற சின்னஞ்சிறு விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. மேலே வந்ததும் வாய்க்குழாயைப் பிடுங்கி, "உசுரு இருக்குப்பா, வெளுத்துத்தான் போயிருக்கு" என்று அழுதீர்கள். நாங்களும் அழுதோம்.

"வெளுத்தது உசுரோட இருக்குன்னு எப்படி நம்பறது?" என்று மன்றத்தில் நெமெசியோ மடக்கினார். "நானே செத்துப்போச்சுன்னு எழுதி அழிச்சவன்தான். வாங்கண்ணே, காட்டறேன்" என்றீர்கள். அவரும் இறங்கிப் பார்த்தார். தடை நீடித்தது. மழை வந்தது, நீர் குளிர்ந்தது, சென்ற மாதம் பவளத்தில் பழுப்பும் பச்சையும் திரும்பின. எங்களுக்கு இப்போதுதான் சோறு இறங்குகிறது.

இனித் தாங்கள் கரையில் காலை நீட்டி அமர்ந்து, பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு, நோய்நொடி அணுகாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

அலுவலகத்தில் தாங்கள் எழுதியதைத் திருத்த எவருக்கும் துணிவு இருந்ததில்லை. கடலடியில் அதைத் தாங்களே அழித்தீர்கள். அழிக்காமல் மேலே வந்திருந்தால், இன்று அந்தப் பாறைமேல் வலை கிடக்கும்.

நன்றியுடனும் நிம்மதியுடனும்,
கடல்காவல் அலுவலகப் பணியாளர்கள்,
சான் விடால்