சீட்டாட்டம் ஏற்றிய சர்வர்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. முதுகுக்குப் பிடிமானம் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்று வேண்டுமென்று நான்கு வருடம் கேட்டேன், வரவில்லை. இங்கே விசாரணைக்கு வருகிறவர்களுக்கே போட்டு வைத்திருக்கிறீர்கள்.

நான் சொல்வதை நீங்கள் கீபோர்டில் இரண்டு விரலால் தட்டுகிறீர்கள். அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

இறந்துபோனவள் என் தங்கை. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். நாற்பத்தாறு வயதிலும் பாப்பாதான். பித்தப்பையில் கல். எடுத்துவிட்டு இரண்டாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டியவள். வலிக்குப் போட்ட ஊசியில் மூச்சு மந்தமாகி, கவனிக்க ஆளில்லாமல் போய்விட்டாள். இதை டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். ஏன் ஆளில்லாமல் போயிற்று என்பதை எழுத அவருக்குத் தெரியாது. அவருக்கு ஊசி தெரியும், சர்வர் தெரியாது.

உங்களுக்கும் தெரியாது என்று முகமே சொல்கிறது. சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம், ஆறு மாடி. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு சர்வர், அதாவது ஒரு பெரிய கம்ப்யூட்டர். கட்டிலில் இருப்பவரின் மூச்சையும் நாடியையும் அது வாங்கி, அந்த மாடி நர்ஸ் மேஜையில் உள்ள திரைக்கு அனுப்பும். ஏதாவது தப்பானால் அங்கே அலாரம் அடிக்கும். கட்டில் பக்கத்தில் சத்தமே வராது. நோயாளியின் தூக்கம் கெடக்கூடாதாம். அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவானைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆறு சர்வரையும் தனித்தனியாக யாரும் தயாரிக்க மாட்டார்கள். ஒன்றை ஒழுங்காகத் தயார் செய்து, அதை நகல் எடுத்து ஆறிலும் போடுவார்கள். நகல் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு வேலை முக்கியம்: அந்த முதல் மெஷினின் அடையாளத்தை அழித்துவிட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு நகலும் கண் விழிக்கும்போது தனக்கென்று ஒரு புது அடையாளம் எடுத்துக்கொள்ளும். அழிக்காமல் நகலெடுத்தால் ஆறும் தன்னை ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்ளும். ஆறு வீட்டுக்கும் ஒரே கதவெண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? கடைசியாக எந்த வீட்டில் விளக்கு எரிந்ததோ அங்கே போட்டுவிட்டுப் போவார். இங்கேயும் அதேதான்.

இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எங்கள் தலைவருக்குப் புரியவில்லை.

தலைவர் என்றால் பாப்பாவின் வீட்டுக்காரர். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். பிரிண்டர் விற்றுக்கொண்டிருந்தவரை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்து விட்டதே நான்தான். பத்தொன்பது வருடம் நான் பார்த்த கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு தலைவர் போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது பாப்பா என் வீட்டுக்கு வந்தாள். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, நீ பேசாம ஒதுங்கிக்கயேன். அவருக்கு ஒரு நாற்காலி கெடைச்சா எங்க வீட்ல நிம்மதி. உனக்கென்ன, குடும்பமா குட்டியா?"

"நான் கேட்கவே இல்லையே பாப்பா."

"கேட்காத. அதைத்தான் சொல்றேன்."

நான் கேட்கவில்லை. இதைப் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடத்தைப் பார்த்துப் பொறாமைப்படச் சொல்வது போல் இருக்கும்.

முதல் மெஷினை நான்தான் தயார் செய்தேன். அடையாளம் அழிக்கும் கருவி பாதியில் நின்று நின்று போயிற்று. அது வழக்கம்தான். நிற்கும்போதெல்லாம் ஏன் நின்றது என்று லாக்கில் எழுதி வைக்கும். லாக் என்றால் மெஷின் தன் கைப்பட எழுதும் நாட்குறிப்பு, அதில் பொய் இருக்காது. முதல் நாள் ஹார்ட் டிஸ்க்கின் பூட்டு திறக்காமல் கிடந்தது, திறந்தேன். இரண்டாம் நாள் ஏதோ புதுப்பிப்பு பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது, முடித்து வைத்தேன். மூன்றாம் நாளும் நின்றது. லாக்கைப் படித்தேன். நாலாயிரம் வரி. மூவாயிரத்து எழுநூறாவது வரிக்குப் பக்கத்தில் காரணம் இருந்தது.

சீட்டாட்டம்.

ஆமாம், சீட்டாட்டம். ஆறு மாடி நோயாளிகளின் மூச்சுக்குப் பொறுப்பான மெஷினில் மாப்பிள்ளை தன் பெயரில் நுழைந்து, பொழுது போகாமல், ஒரு சீட்டாட்டத்தை ஏற்றி வைத்திருந்தார். ஒரே ஒருவர் பெயரில் மட்டும் ஏறிய சமாசாரம் இருந்தால் அந்தக் கருவி ஒத்துக்கொள்ளாது, நின்றுவிடும். நீக்குவதற்கு இரண்டு தட்டு போதும். நீங்களே ஒரு நிமிடத்தில் நீக்கிவிடுவீர்கள், அந்த இரண்டு விரலால்.

அவர் கதவருகே வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், ஏசி குளிருமாம்.

"அக்கா, முடிஞ்சுதா?"

"பிழை வருது மாப்பிள்ளை."

"இன்னுமா? என்ன பிழை?"

"லாக்ல இருக்கு. ஒரு வரிதான். வந்து படிச்சுப் பாருங்க."

"நீங்க படிச்சா நான் படிச்ச மாதிரிதானே." சிரித்தார். "எனக்குப் பச்சை விளக்கு காட்டணும், அவ்வளவுதான். மேலே எல்லாரும் என் உயிரை வாங்கறாங்க."

"ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க? சும்மா பயமுறுத்தாதீங்க அக்கா. பச்சையா மாத்துங்க."

பச்சையாக மாற்றினேன்.

அதற்கு ஒரு வழி உண்டு. வேலை முடிந்ததா இல்லையா என்று மெஷின் தனக்குள்ளே ஒரு எண்ணாகக் குறித்து வைத்திருக்கும். அந்த எண்ணைக் கையால் மாற்றினால், முடிந்துவிட்டதாக மெஷினே நம்பும். திரையில் பச்சை எரியும். அடையாளம் மட்டும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். சீட்டாட்டமும் உட்கார்ந்திருக்கும். பிறகு வழக்கம்போல் மெஷினைச் சுத்தமாகத் துடைத்து நகல் எடுத்து, ஆறு சர்வரிலும் போட்டு, ஒப்படைப்புத் தாளும் எழுதிக் கொடுத்தேன். 'சந்தேகம் இருந்தால் லாக்கைப் பார்க்கவும்' என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாள் உங்கள் கோப்பில் இருக்கும். அவர் கையெழுத்தும் இருக்கும், பூப்போட்ட மாதிரி.

அவர் சோதனை செய்தார். ஒவ்வொரு மாடியாகப் போட்டுப் பார்த்து அணைத்தார். ஒன்று மட்டும் ஓடும்போது ஒரு கோளாறும் தெரியாது. இரண்டு ஓடினால்தான் வம்பு. இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்லவேண்டியது என் வேலையா? அவர்தானே தலைவர்.

திறப்பு நாளில் மூன்றாம் மாடிக்கு மட்டும் நோயாளிகள் வந்தார்கள். முதல் ஆளாக யாரைப் படுக்க வைத்தார் தெரியுமா? "என் பொண்டாட்டியவே இங்கதான் படுக்க வெச்சிருக்கேன், அவ்வளவு நம்பிக்கை" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டில் பக்கத்தில் சத்தம் வேண்டாம் என்ற ஏற்பாடும் அவர் மூளையில் உதித்ததுதான். அந்தக் கட்டிலை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இதைத் தனி வரியாக எழுதுங்கள்.

ஆபரேஷன் காலையில் முடிந்தது. மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். பாப்பா அரைத் தூக்கத்தில் இருந்தாள். உதடு காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்து வைத்தேன்.

"அக்கா, இந்த மெஷினெல்லாம் நீதான் செஞ்சியாமே?"

"ஆமா."

"அப்ப எனக்குப் பயமில்ல." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். "அவர் மேல கோபமா?"

"தூங்கு பாப்பா."

"அவரு ஒரு மண்ணும் தெரியாதவருக்கா. எனக்குத் தெரியாதா? நீ இருக்கங்கற தைரியத்துலதான் அவரு இருக்காரு. நானும்."

தலையணையைச் சரியாக வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை விருந்தாளிகளை ஐந்தாம் மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே நோயாளி யாரும் இல்லை. காலி மாடியில் பெரிய திரை எரிந்தால் போட்டோவில் அழகாக இருக்குமாம். ஐந்தாம் மாடி சர்வரைப் போட்டது அவர் விரல். போட்டதும் மூன்றாம் மாடிக்குப் போகவேண்டிய தபாலெல்லாம் ஐந்தாம் மாடிக்குத் திரும்பிவிட்டது. மூன்றாம் மாடித் திரையில் கடைசியாக வந்த எண்கள் அப்படியே நின்றன. எல்லாம் பச்சை. இரண்டு நர்ஸ்கள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். திரையைப் பார்க்கும் பழக்கம் வந்தபிறகு ஆளைப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. பத்தடி நடந்தால் கட்டில்.

போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் கீழே போய்விட்டார்கள், திரையை அணைக்காமல். நான் நான்காம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படியில் வெயில் படாது. மேலே சுவருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த பெயிண்டர் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"அம்மா, மேல மெஷின் ஒண்ணு கத்திக்கிட்டே இருக்குதும்மா. ஆள் யாரும் இல்ல."

"எவ்வளவு நேரமா?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். ஒம்பதுன்னு போட்டுச் சிவப்பா எரியுது. யார்கிட்டயாவது சொல்லணுமா?"

ஒன்பது பாப்பாவின் கட்டில்.

"அது சோதனை ஓட்டம்," என்றேன். "கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும். நீங்க வேலையைப் பாருங்க."

நல்ல மனிதர். மேலே ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரியே நின்னுடுச்சும்மா. இப்ப ஒரே கோடு, ஒரே சத்தம்."

அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் காதைத் திறந்து வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

நான் எண்ணிப் பார்த்தது இதுதான்: அலாரம் தப்பான மாடியில் அடிக்கும், யாராவது ஓடிவந்து கண்டுபிடிப்பார்கள், ஏன் என்று தேடுவார்கள், லாக்கைத் திறப்பார்கள், சீட்டாட்டம் வெளியே வரும், எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளை நிற்பார். யாராவது ஒருவர் படித்தால் போதும் என்று காத்திருந்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது?

சாயங்காலம் அவர் பிணவறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். என் காலைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, எப்படிக்கா? பச்சையாத்தானே இருந்துச்சு? எப்படி ஆச்சுன்னு சொல்லுங்கக்கா."

"லாக்ல இருக்கு மாப்பிள்ளை," என்றேன். "படிச்சுப் பாருங்க."

நீங்கள் முதலிலிருந்தே ஒன்று கேட்க நினைக்கிறீர்கள், தெரிகிறது. உங்கள் ஆட்கள் ஆறு சர்வரையும் பிரித்துப் பார்த்தார்கள், முதல் மெஷினையும் பார்த்தார்கள், அந்த நாலாயிரம் வரியைக் காணவில்லை. சரிதான். நகல் எடுப்பதற்கு முன் லாக்கைத் துடைத்துவிடுவது என் வழக்கம். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். ஒரு மெஷினின் புலம்பல் இன்னொரு மெஷினுக்கு எதற்கு? அந்தத் தடவையும் எண்ணை மாற்றினேன், பச்சை வந்தது, லாக்கை அழித்தேன், நகல் எடுத்தேன், 'லாக்கைப் பார்க்கவும்' என்று தாளில் எழுதினேன். அந்த வரிசையில்தான்.

அழித்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது காலியாக இருக்கிறது என்பதைக்கூட பாப்பா போகிறவரை அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தராவது திறந்து பார்த்தார்களா?