தனலெட்சுமியைக் கப்பலேற்றிய நாள்

ஹலோ... ஹலோ... போர்ட் கூட்ஸ் ஷெட்டா?... கணக்கு எழுதுற கொர்னேலியஸ் கிராணி இருக்காரா?... ஓ, நீதானா. நான்தான்ப்பா, வேலாயுதம். கோலாலம்பூர் கூட்ஸ் ஆபீஸ்லேருந்து... ஆமா, ஆமா, ஆபீஸ் போன்தான். பெரிய கிராணி சாப்பிடப் போயிருக்கார். அவர் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடணும். நாகப்பட்டினம் கப்பல் கிளம்பிடுச்சா?...

இன்னும் இல்லையா. அப்பாடா... என் சம்சாரம் எங்கே?... கப்பலுக்குப் போற படகுக்கு வரிசையில நிக்கிறாளா. கொர்னேலி, ஒரு உபகாரம் பண்ணு. தனலெட்சுமியை ஏத்தாதே... ஆமா, டிக்கெட் எடுத்து ஏத்திவிடச் சொன்னதும் நான்தான். இப்ப வேணாங்கிறேன்... இல்ல, குடிக்கல. பகல் பன்னெண்டு மணிக்கு என்ன குடி.

காரணமா... நேர்ல சொல்றேனே... சரி, சரி, வச்சிடாதே. சொல்றேன்.

காஜாங்ல எனக்கு ரெண்டாந்தாரமாப் பொண்ணு பேசினோம்ல... அதான், ஆஸ்பத்திரியில கட்டுப் போடுற அந்த டிரெஸ்ஸர் மக. அவர் ஒரே பிடிவாதம். மாப்பிள்ளையை டாக்டர் பார்த்துச் சொன்னாத்தான் தட்டு மாத்துவேன்னார். எட்டு வருசமா புள்ள பெறாதவ தனலெட்சுமி, என்னை எதுக்குப் பார்க்கணும்னு சிரிச்சுக்கிட்டே போய்ட்டு வந்தேன். இன்னைக்குக் காலையில கூப்பிட்டனுப்பினாங்க...

குறை என்கிட்டதான்...

சத்தமா எப்படிப்பா சொல்றது, வாசல்ல பியூன் நிக்கிறான். குறை எனக்கு. என் தாதுல ஒண்ணுமே இல்லையாம். பூதக்கண்ணாடியில ரெண்டு தரம் வச்சுப் பார்த்தாராம்... இல்ல, இல்ல, அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நானும் அதைத்தான் டாக்டர்கிட்ட சொன்னேன். அது வேற, இது வேறன்னுட்டார்...

ஆமா. அதேதான். கல்யாணத்துக்கு முந்தி எனக்கு வந்துச்சே, வெட்டை. நீதானே சீன மருந்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போனே. புட்டி மருந்து குடிச்சேன், எரிச்சல் நின்னுச்சு, சீழ் நின்னுச்சு, சீக்கு போயிடுச்சுன்னு நெனச்சோம். அது உள்ளேயே இருந்து குழாயை அடைச்சிருச்சாம்... மருந்து கிடையாதாம். ஊசி கீசி இருக்கான்னு கேட்டேன். தலையை ஆட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்...

எனக்கு இனிமே புள்ள கிடையாது, கொர்னேலி. அது போகட்டும். பத்துமலை முருகனுக்கு மூணு வருசம் பால்குடம் எடுத்தா தனம். வெயில்ல கால் கொப்புளிச்சுப் போச்சு. நான் பக்கத்துலயே செருப்புப் போட்டுக்கிட்டு நடந்தேன்... நீ போய் அவளைக் கூட்டிட்டு வா. கெஞ்சிக் கேக்கிறேன். நான் வச்சிடல, இருக்கேன்...

...

ஹலோ... தனமா?... அந்தக் குழலைக் காதுல வை. இன்னும் கிட்ட... நான்தான். கேக்குதா?... ஏறாதே. வீட்டுக்கு வா...

உன்கிட்ட ஒரு குறையும் இல்ல, தனம். டாக்டர் சொல்லிட்டார். என்கிட்டதான்... என்ன?... தெரியுமா? எப்போலேர்ந்து?... எந்த லேடி டாக்டர்?... நாலு வருசத்துக்கு முந்தியா. புருசனைக் கூட்டிட்டு வான்னு சொன்னாங்களா. அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை...

சொன்னியா...

குடையாலயா... ஆமா. குடை ஒடிஞ்சுது. அது ஞாபகம் இருக்கு. எதுக்கு அடிச்சேங்கிறதுதான்... ஆமா. ஆமா... அழல. நீ பேசு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்...

என்ன வேணாலும் செய்றேன். கேளு... லெட்டரா?... உங்க அப்பாவுக்கா. போன கப்பல்லயே எழுதிட்டேனே... தெரியும். மலடின்னுதான் எழுதினேன்... அதை மாத்தி எழுதணுமா. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டுமே, தனம். நீ திரும்பி வந்துட்டா யார் என்ன கேக்கப் போறா... இல்ல, உங்க ஊர்ல வாசிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான். தெருவே கூடி நிக்கும், அவர் சத்தமா வாசிப்பார். நான் எப்படி...

ஆமா. போன லெட்டரையும் அப்படித்தான் வாசிச்சிருப்பார்...

படகுக்குச் சங்கு ஊதிட்டாங்களா. இரு, இரு. அதை மட்டும் எழுதினா வந்துடுவியா?... சத்தியமா?... என் கையெழுத்துல, என் பேரைப் போட்டு, குறை எனக்குன்னு. அவ்வளவுதானே. சொல்றேன். இதோ சொல்றேன், தனம், நான்...

வாங்க சார், சாப்பிட்டாச்சா... இல்ல சார், போர்ட் ஆபீஸ்தான். சரக்கு விஷயம்.

ஆமா... ரெண்டு வேகன் ரப்பர். நாளைக்குக் காலையில வந்துரும்... இல்ல, அதைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல... நாளைக்குப் பேசிக்கலாம்... ஆமா, ரெண்டு வேகன்... ரெண்டு வேகன்தான்...

ஹலோ... ஹலோ... கொர்னேலியா? எங்கே... போனை உன் கையில குடுத்துட்டாளா...

ஏறிட்டாளா...

சரி.

ஆமா சார். ரெண்டு வேகன்தான் சார். பேசி முடிச்சாச்சு. வச்சிடுறேன்.