விசில் ஊதும்வரை

பணத்தை வாரி இறைத்தால் கோப்பை கிடைக்குமா என்று ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னீர்கள், லக்ஷ்மிநாராயணன் சார். கிடைக்கும். மட்டாஞ்சேரியில் இப்படிச் சொல்வதற்கு இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.

மற்ற எல்லாரும் கிடைக்காது என்கிறார்கள். பஜார் ரோட்டில் நம் கிளப் வைத்த ஃபிளெக்ஸில் என் மகன் சாஹில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அதற்குக் கீழே 'பணமல்ல, மனசு' என்று போட்டிருக்கிறது. மலையாள எழுத்தைக் கூட்டி அதைப் படித்து முடித்தபோது, பக்கத்தில் நின்ற சுமட்டுக்காரர்கள் என் முதுகில் தட்டினார்கள். செயலாளர் என்ற முறையில் நீங்களும் நான் அதையேதான் எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு நடந்தது தெரியும். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நாசர் முதலாளி கிளப்பை ஏற்றெடுத்த முதல் வருஷம் நம் செவன்ஸ் ஃபுட்பால் டீமின் ஏழு பேரில் ஐந்து பேர் வெளியாட்கள். இரண்டு பேர் கடல் கடந்து வந்தவர்கள். மிளகு ஏலத்தில் விலை கூட்டுவதுபோல் முதலாளி ஒவ்வொருவரையும் கூட்டி எடுத்தார். முதல் மேட்சிலேயே தோற்றோம், அடுத்ததிலும் தோற்றோம். சாயாக்கடையில் சிரிப்பு தாங்கவில்லை. "நாசர் முதலாளியோட டீமல்லே, பில்லக் காட்டினா கோல் தருவாங்களாயிருக்கும்" என்று ஒருவன் சொன்னது தோப்பும்படி வரை போனது. பணம் தோற்றது என்று அன்றைக்கே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

ஆனால் பணத்தின் வேலை முதல் வருஷத்தில் தெரியாது சார். புது ஆட்களுக்கு ஒருவர் கால் ஒருவருக்குப் பழக வேண்டும். இல்லாதவன் முதல் தோல்வியோடு வீட்டுக்குப் போய்விடுவான். இருக்கிறவனுக்கு மட்டும்தான் இரண்டாவது வருஷம் உண்டு. இரண்டாவது வருஷம் முதலாளி இன்னும் கூடுதலாகச் செலவழித்தார். அந்த வருஷம்தான் ஜெனிஸ்டன் வந்தான். அதற்குப் பிறகு நாம் தோற்கவே இல்லை.

ஜெனிஸ்டன் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். வலையிழுக்கிற வீட்டுப் பையன். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிர்ப்பக்கத்து ஆட்கள் பந்தை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் போவான் என்று தெரிந்துகொள்ள. முகத்தில் ஒன்றும் இருக்காது.

அவன் வந்ததால் என் மகனுக்கு இடம் போயிற்று. அதில் அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முன்வரிசையில் ஒரு இடம், அதற்கு நல்லவன் வந்தான், சாஹில் பெஞ்சுக்குப் போனான். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பான். வீட்டுக்கு வந்ததும் அழுக்காகாத பூட்ஸைக் குழாயடியில் வைத்துக் கழுவுவான். என் வீட்டுக்காரி சுலைஹா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு சீசன் முழுக்க அவன் அந்த பூட்ஸைக் கழுவினான்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பகலில் கோடவுனில் மூட்டை, சாயங்காலம் கிளப்பில் களிக்காரர்களின் கால் பிடித்துவிடுவது. சுமடு எடுக்கிறவர்கள் ஒருவர் தோளை ஒருவர் உழிந்துவிடுவோம். அப்படிப் பழகிய கை. ஜெனிஸ்டன் வேறு யாரையும் தொடவிட மாட்டான். "மாமா, நீங்க பேசுனா எங்க ஊருல இருக்கது மாரியே இருக்கு" என்பான். நான் பேசுவது அவன் ஊர்ப் பேச்சு இல்லை. ஆனால் மலையாளத்துக்கு நடுவில் தமிழ் என்று எது கேட்டாலும் அவனுக்குப் போதும். அவனைச் சந்தோஷப்படுத்த நானும் 'மக்கா' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் பத்திரி தின்பான். பிராக்டிஸ் முடிந்து எல்லாரும் போன பிறகு சாஹிலை நிறுத்திவைத்து இடது காலால் திரும்பி அடிப்பது எப்படி என்று காட்டிக்கொடுப்பான். அவன் அதைச் செய்யத் தேவையே இல்லை.

ஃபைனலுக்கு மூன்று நாள் முன்பு அவன் கோடவுனில் மூட்டைமேல் உட்கார்ந்து இடது காலை நீட்டினான். சில நாளாக வலி என்றான். முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் பெருவிரல் பட்டதும் காலை இழுத்துக்கொண்டான். மறுபடி அதே இடத்தைத் தொட்டேன், மறுபடி இழுத்தான். சதையாக இருந்தால் வலி பரவியிருக்கும். இது ஒரு விரல் அகலம்தான். சுமடு எடுத்து எனக்கே ஒருமுறை அப்படி வந்திருக்கிறது. எலும்பில் கீறல் விழுந்தால் அப்படித்தான் இருக்கும்.

"அங்கனதான் பிரச்சனையா மாமா?" என்று கேட்டான்.

"சதப்பிடிப்பு, மக்கா" என்றேன்.

இடப்பள்ளிப் பக்கம் ஏதாவது ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றும் அவனே கேட்டான். அங்கே போனால் எதற்கும் கட்டுப்போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள், பிறகு ஃபைனல் போய்விடும் என்று சொன்னேன். அது பொய்யில்லை. பெரிய கிளப்பிலிருந்து ஆள் எடுக்க வருகிறவர்கள் ஃபைனல் பார்க்க வருவதாகப் பேச்சு இருந்தது. அவனும் அதற்காகத்தான் காத்திருந்தான். சாஹிலும் அதற்காகத்தான்.

அவன் காலில் கீறல் என்று சொல்லியிருந்தால் சாஹில் இறங்கியிருப்பானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பணத்தைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டும் சார். சொல்லியிருந்தால் முதலாளி போனை எடுத்திருப்பார். மறுநாள் வைட்டிலாவில் பஸ் இறங்கி வேறொருவன் வந்திருப்பான். அவனுக்குப் பிறகு இன்னொருவன். இருக்கிறவன் கையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஃபைனலுக்கு ஒரு சட்டம் உண்டு. விசில் ஊதிய பிறகு புதுப் பெயர் சேர்க்க முடியாது. அந்த நேரத்தில் ஒருவன் விழுந்தால், பெஞ்சில் யார் இருக்கிறானோ அவன்தான். விசில் ஊதும்வரை எல்லாவற்றையும் வாங்கலாம். ஊதிய பிறகு ஒன்றும் வாங்க முடியாது. நம் பெஞ்சில் ஒரு கோல்கீப்பரும் சாஹிலும் மட்டும்தான்.

அதனால் அவன் விசில் ஊதும்வரை நிற்க வேண்டியிருந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டேன். மூன்று நாளும் நன்றாகக் கவனித்தேன்.

முதலாளி எதுவும் அறியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்த அன்றே கோடவுனுக்கு வந்தார். ஜெனிஸ்டனின் காலைப் பற்றி எங்களுக்குள் பேச்சு நடந்தது. அந்தப் பேச்சில் 'சரியாக்குவது' என்ற வார்த்தை வந்தது. இங்கே அந்த வார்த்தைக்கு இரண்டு முகம் உண்டு. மலையாளத்தில் ஒருவனைச் சரியாக்குவது என்றால் குணமாக்குவதும்தான், ஆளை ஒழித்துக்கட்டுவதும்தான். வைத்தியரும் அதைத்தான் சொல்வார், சண்டைக்காரனும் அதைத்தான் சொல்வான். தலைமுறையாக இங்கே இருக்கிற எங்கள் தமிழிலும் அந்த இரண்டும் ஏறிவிட்டன. நான் சுமடு எடுக்கிறவன். மூட்டையைக் கொண்டுபோய் இறக்குவதுதான் என் வேலை, பிரித்துப் பார்ப்பது இல்லை. வார்த்தையையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

எதிர்டீம் கும்பளங்கிக்காரர்கள். அவர்களுக்குப் பின்வரிசையில் பேக் ஆடுகிற விஸ்வநாத் நம் பஜாருக்கு லோடு வண்டி ஓட்டி வருகிறவன், சாயாக்கடைப் பழக்கம். ஃபைனலன்று காலை அவனைப் பார்த்தேன். அவனைத் தேடிப் போகவில்லை, அவன் அங்கே வருவான் என்று தெரியும், அவ்வளவுதான்.

"விஸ்வநாதா, இன்னிக்கு அந்தப் பையனோட இடது கால கொஞ்சம் பாத்துக்கோ கேட்டயா. முட்டிக்குக் கீழ வலி. பாவம், அத வச்சிட்டுத்தான் இறங்கறான்" என்றேன்.

அவன் சிரித்தான். "ராவுத்தரண்ணா, நாங்க களிக்கறது பந்தோடல்லே, காலோடயா?" என்றான். பிறகு கிளாஸுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பாதிச் சாயாவை வைத்துவிட்டுப் போனான்.

நான் சொன்னது எதிலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. கவனமாக ஆடு என்றுதான் சொன்னேன்.

மேட்சுக்கு முன்னால் கிராம்பெண்ணெய் தடவினேன். பல்வலிக்குத் தடவினால் மரத்துப்போகும் என்று நம் பஜாரில் எல்லாருக்கும் தெரியும். நிறையத் தடவினேன். மேலே இறுக்கிக் கட்டினேன். ஜெனிஸ்டன் எழுந்து இரண்டு தரம் குதித்துப் பார்த்தான்.

"வலியே தெரியல்ல மாமா" என்றான். அப்புறம் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். அவர்கள் சர்ச்சில் அப்படி ஏதோ வழக்கம் இருக்கும் போலிருக்கிறது.

முதல் பத்து நிமிஷம் அவன் ஆடிய ஆட்டத்தை நீங்களும் கேலரியில் இருந்து பார்த்தீர்கள். ஒரு கோல் போட்டான். பணம் கொடுத்து வாங்கக்கூடியதில் அதைவிட அழகானது எதுவும் இல்லை என்று எனக்கே தோன்றியது. நிறுத்தச் சொல்லலாமா என்று ஒருதரம் எழுந்தேன். பின்னால் இருந்த ஆள் மறைக்கிறது என்றான். உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு விஸ்வநாத் வந்தான். பந்துக்குத்தான் வந்தான் என்று ரெஃபரி சொன்னார். சுக்கு மூட்டையைத் தரையில் போடும்போது உள்ளே ஒடிகிற சத்தம் உண்டு. அதைத் தினமும் கேட்கிறவன் நான். கேலரிக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

முதலாளி பழக்கத்தில் போனைக் கையில் எடுத்தார். அப்புறம் அதைப் பையில் போட்டுவிட்டுப் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் சாஹில் இல்லை, உள்ளே ஓடிப்போய் ஜெனிஸ்டனின் தலையை மடியில் வைத்திருந்தான். இறங்க மாட்டேன் என்றான். ஸ்ட்ரெச்சர் போன பிறகும் கோட்டுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தான். நான்தான் கீழே ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

மிச்சம் ஃபிளெக்ஸில் இருக்கிறது. இடது காலால் திரும்பி அடித்தான், கோப்பை வந்தது. விலை கொடுத்து வாங்கியவன் விழுந்தான், நம் தெருப் பையன் ஜெயித்தான் என்று ஊர் கொண்டாடியது. அந்தத் திருப்பத்தை அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஃபைனல் வரை நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்பதையும் மறந்துவிட்டார்கள்.

ஜெனிஸ்டனின் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு புண்ணில் விஷம் ஏறி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதலாளி எல்லாச் செலவையும் பார்த்தார், இப்போதும் பார்க்கிறார். அதற்குப் பிறகு வெளியிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார். சாஹிலை ஒரு பெரிய கிளப் எடுத்துக்கொண்டது. எவ்வளவுக்கு என்று நான் கேட்கவில்லை. அவனையும் வாங்கித்தானே இருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

விஸ்வநாத் பூட்ஸைத் தொடுவதில்லை. வண்டியை நிறுத்தினால் பையன்கள் ஏதாவது கத்துகிறார்கள். போன மாதம் சாயாக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். "அண்ணா, அன்னிக்கு அத என்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?" என்றான். சாயா ஆறுகிறது என்றேன்.

ஜெனிஸ்டன் பெருநாளுக்கு போன் செய்தான். கட்டைக்கால் பழகிக்கொண்டிருக்கிறதாம். "உங்க கை இல்லன்னா நான் ஃபைனல்ல எறங்கியே இருக்க மாட்டேன் மாமா" என்றான். அதை நன்றி சொல்கிற குரலில் சொன்னான். அதற்கு முந்தின வாரம் சாஹில் அவன் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

லீவில் வந்த சாஹில் கால் பிடித்திருக்கிறது என்று சுவரோரம் உட்கார்ந்திருந்தான். நான் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுபோனேன். அவன் காலை மடக்கிக்கொண்டான்.

"வேண்டாம் அத்தா. அங்க ஆள் இருக்கு."

"நல்லது" என்று சொல்லிவிட்டு எண்ணெயைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். சுலைஹா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைப் படித்த பிறகு நீங்கள் முதலாளியிடம் போய்க் கேட்பீர்கள், ராவுத்தரிடம் என்ன சொன்னீர்கள் என்று. அவர் மறைக்க மாட்டார். அதனால் நான் பாதியில் விட்டதை முடித்துவிடுகிறேன். எங்கள் வீட்டைப் போல அவர் வீட்டிலும் தமிழ்தான். என்னிடம் அவர் மலையாளம் பேசியதே இல்லை. அன்று மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, ஜெனிஸ்டனுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்: "ராவுத்தரே, உள்ளதச் சொல்லு. வலி இருந்தா பையன் இறங்க வேண்டாம். கோப்பை போனாப் போகட்டும், கால் போனா வருமா? வேற யாரையாவது பாத்துக்கலாம்."

வேற யாரையாவது என்றார். சாஹில் அப்போது அவருக்கு முன்னால்தான் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"தேவையில்ல முதலாளி, நான் சரியாக்கித் தாரேன்" என்று சொன்னது நான்.