விரிப்பின் மறுமுனை

இல்லக்கா, அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடுது. இங்க வாங்க, என் பக்கத்துல. உங்க வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம்தானே? போன வேகத்துல வெளிய வந்துருவாரு, பாருங்க. எனக்கா? என் பொண்ணு உள்ள இருக்கா. இதயத்துல ஓட்டை. பள்ளிக்கூடத்துல மாடி ஏறினாலே உதடு நீலமாயிடும். காலையிலேயே ஆபரேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க.

ஜெபம் பண்ணச் சொல்றீங்க. கழுத்துல சிலுவையப் பாத்துட்டுத்தானே? அங்கதான்க்கா வினையே. நான் முழங்கால் போட்டாத்தான் அது வரும். சிரிக்காதீங்க. எங்க போதகரம்மாகிட்ட மட்டும்தான் இதச் சொன்னேன். உறுதியா நில்லும்மான்னாங்க. அவங்களுக்கென்ன, சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

நான் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்துல வேலை பாக்குறேன். பெரிய படுக்கை விரிப்பு மடிக்க ரெண்டு ஆள் வேணும். ஆளுக்கு ரெண்டு மூலையப் பிடிச்சு உதறி, எதிர்ல நிக்கிறவ நம்மகிட்ட நடந்து வருவா. மூலையோட மூலை சேரணும். ஒரு நாள் என் ஜோடி குண்டம்மா லீவு. பேருதான் குண்டம்மா, ஆளு ஒல்லிக்குச்சி. சரி போன்னு தனியா மேஜை மேல போட்டு மடிச்சிட்டிருந்தேன். கை பாட்டுக்கு வேலை செய்யும், உதட்டுக்குள்ள ஜெபம் ஓடும். கண்ண மூடினேன். விரிப்பு அந்தப் பக்கம் எந்திரிச்சுதுக்கா. இழுத்து உதறி, என்கிட்ட நடந்து வந்து, மூலையக் கையில குடுத்துச்சு. கண்ணத் திறந்தா ஒருத்தரும் இல்ல. விரிப்பு மடிஞ்சு கெடக்கு, ஒரு சுருக்கம் கெடையாது. குண்டம்மா இத்தன வருஷத்துல அப்படி மடிச்சதே இல்ல.

அப்பதான் பேசுச்சு. பயங்கரமான குரல்னு நினைக்கிறீங்களா? அதான் இல்ல. தங்கமான குரல். என்மேல பாவப்படுற குரல். பொண்ணு பொழைக்கணுமா, உன் கர்த்தர் இருக்காரே, எனக்கு அவரத் தெரியாதுன்னு ஒரே ஒரு தடவ சொல்லு, போதும்ங்குது. அவரோட கூடவே திரிஞ்ச சீஷரே மூணு தடவ சொன்னாரு, அப்புறம் அழுதாரு, சேத்துக்கலியா, நீயும் அழுதுக்கோங்குது. அதெல்லாம் என்னவிட அதுக்கு நல்லாத் தெரியும்க்கா.

டாக்டர்கிட்டயா? போனேனே. தூக்கம் பத்தலன்னு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. நல்லாத்தான் தூங்கினேன். எந்திரிச்சு முழங்கால் போட்டதும் வந்துருச்சு. நல்லாத் தூங்கினியான்னு கேக்குது.

வெறும் வார்த்ததானே, சொல்லிட்டா என்னங்கிறீங்க. பெத்தவ யோசிக்காம இருப்பேனா? ஆனா எனக்கு அவரத் தெரியும்க்கா. எங்க வீட்டுக்காரர் எங்கள விட்டுட்டுப் போன அன்னைக்கு, ஈரத்துணி மூட்டை மேல உக்காந்து அழுதேன். அப்ப கர்த்தர் பக்கத்துல வந்து உக்காந்தாரு. கண்ணால பாக்கல. அவரும் ஒரு வார்த்த பேசல. நான் அழுது முடிக்கிற வரைக்கும் எந்திரிச்சுப் போகவும் இல்ல. அப்படி இருந்தவர யாருன்னே தெரியாதுன்னு எந்த வாயால சொல்றது?

ஆனா பயமா இருக்குக்கா. அவளுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாளேன்னு ஆயுசுக்கும் அது கேட்டுக்கிட்டே இருக்கும். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

இப்பவா? இப்ப கேக்கல. நான்தான் பேசிட்டிருக்கேன்ல. இவ்வளவு நாளா அது எங்கயோ எதிர்ல நின்னு பேசுச்சா, முடியாது போன்னு சொல்லிட்டேன். காலையில அந்தக் கதவ மூடினாங்க பாருங்க, அதுல இருந்து என் குரல்லயே பேசுது. அந்த வார்த்த நாக்கு நுனியில வந்து நிக்குதுக்கா. வாய் ஒரு நிமிஷம் சும்மா இருந்தா சொல்லிடும். அதான் நீங்க வந்ததுல இருந்து லொடலொடன்னு பேசிட்டே இருக்கேன்.

உங்களத்தான் கூப்பிடுறாங்க, போங்க. நல்லபடியா முடிஞ்சிருச்சு போல. இல்லல்ல, எனக்காக நிக்காதீங்க. அவரு கண்ணு முழிக்கிறப்ப நீங்க எதிர்ல இருக்கணும்.

அக்கா, ஒரு நிமிஷம். அந்தக் கடைசியில ஒரு பெரியவரு கண்ண மூடிட்டு சாஞ்சிருக்காரே, அவருக்குக் காது கேக்குமா? கேக்காட்டியும் பரவாயில்ல.