இன்னொரு ஸ்பேனர்

உச்சிப் பொழுது. சூரியன் தலைக்கு நேர் மேலே. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோடு... நீங்கள் தினம் பார்க்கிற ரோடு இல்லை. 1991-ஆம் வருஷத்து ரோடு. ஒற்றைத் தார். இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் புதர். ஒரு கம்பெனி கிடையாது, ஒரு கேட் கிடையாது. அந்த வெயிலில் ஆள் நடமாட்டமும் கிடையாது.

பேய் என்றால் நடு ராத்திரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறீர்கள். இது முழுக்கப் பட்டப்பகலில் நடந்தது. ஷாரோன், அந்த ஜன்னலைச் சாத்திவிடு. மெக்கானிக் வரும்வரை இந்த பஸ் நகரப்போவதில்லை. அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நம் கார்முகிலின் பெரியப்பாவுக்கு நடந்தது இது. கார்முகில் இதோ பின் சீட்டில்தான் இருக்கிறான். தப்பாகச் சொன்னால் திருத்தட்டும்.

பெரியப்பா பெயர் முனிரத்தினம். பிள்ளைப்பாக்கத்துக்காரர். கல்குவாரியில் லாரி ஓட்டினார். எத்தனை நாளைக்கு அடுத்தவன் வண்டியை ஓட்டுவது என்று மனசுக்குள் ஒரு வெறி. மாத்தூரில் ஒரு வீட்டுக்குப் பின்னால் பழைய பிக்கப் ஒன்று வருஷக்கணக்காக நிற்பதாகக் கேள்விப்பட்டார். முன்னால் ஜீப் மாதிரி மூக்கு, பின்னால் திறந்த தொட்டி. கறந்துகொண்டிருந்த பசுவை விற்று அதை வாங்கினார். அவர் மனைவி அம்சவல்லி அந்தக் கோபத்தில் அவரோடு பேசுவதையே விட்டிருந்தாள்.

வண்டியை விற்றவள் பெயர் சந்திரம்மாள். ஐம்பது வயது இருக்கும். பேரம் பேசவில்லை. சாவியைத் தூக்கித் தரையில் போட்டாள்.

"எட்த்துனு போ. திருப்பி மட்டும் இங்க கொண்டாராத."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஓடாத வண்டி அல்லவா? ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மாட்டை ஓட்டியவன் அம்சவல்லியின் தம்பி சுப்பராயன். ஸ்டியரிங்கில் முனிரத்தினம். அந்த ரோட்டில், அந்த வெயிலில்... காற்றே இல்லை. மாட்டின் கழுத்து மணி மட்டும். ஒரு திருப்பத்தில் வலது பக்கம் ஒடித்தார். ஸ்டியரிங் வரவில்லை. துரு என்று நினைத்துப் பலமாக இழுத்தார். வந்தது... வந்து, அப்புறம் மெதுவாக, அவர் கையை மீறி, இடது பக்கம் போனது. இன்னொருத்தர் அதே சக்கரத்தைப் பிடித்து இழுக்கிற மாதிரி. மாடுகள் இரண்டும் நின்றுவிட்டன. வாயில் நுரை.

வீட்டுக்கு வந்ததும் அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. தனக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றினார். அடியில் செங்கல் அடுக்கினார். குவாரிக்கு லீவு போட்டுவிட்டு விடிந்ததிலிருந்து அதிலேயே கிடந்தார். கார்புரேட்டரைப் பிரித்து பெட்ரோலில் கழுவினார். புதுப்பேட்டை காயலாங்கடையில் அலைந்து கிளட்ச் பிளேட் வாங்கி வந்து மாட்டினார். ஓட்டை விழுந்த தரைக்குத் தகடு வெட்டி வைத்தார். காலையில் ஒவ்வொரு நட்டாக முறுக்கிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணசருவார்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக்... டக்... கிர்ர்ர்.

ஸ்பேனர் வழுக்கி, மறுபடி பிடித்து, திருகுகிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை. காலையில் அவர் முறுக்கின நட்டெல்லாம் கழன்று, கீழே விரித்திருந்த சாக்கின் மேல் கிடக்கும். துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக. பீடி வாசனை. முனிரத்தினம் பீடி பிடிக்க மாட்டார். சுப்பராயன் பிடிப்பான்.

விடுவாரா? மறுநாள் அவன் வந்ததும் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"வண்டில பங்கு கேட்ட. தரலன்னு சொன்னேன். அதுக்குத் திருட்டுத்தனமா வந்து அவுக்கறியா?"

"நான் இன்னாத்துக்கு மாமா அவுக்கப் போறேன்? மத்தியானத்துல நான் மண்ணூர்ல கீறேன். போய் விசாரி."

"பொய் பேசாத."

கன்னத்தில் அறைந்தார். சுப்பராயன் திருப்பி அடிக்கவில்லை. அக்காளைப் பார்த்தான். அவள் வாசற்படியில் நின்றிருந்தாள்.

"உன் மொகத்துக்குத்தான் பாக்கறன். இனிமே இந்த வூட்டு வாசல மிதிக்க மாட்டேன்," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்ணூருக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகும், அன்றைக்கு மத்தியானம்... டக். டக். கிர்ர்ர்.

முனிரத்தினத்துக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் அவர் தூங்கவில்லை. உச்சி வேளைக்கு முன்னாலேயே வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார். மேலே ஒரு நட்டைப் பிடித்து முறுக்க ஆரம்பித்தார். பாதி வரை நன்றாக வந்தது. அப்புறம் நின்றது. தம் பிடித்து இழுத்தார். ஸ்பேனர் அசையவில்லை... பிறகு எதிர்ப்பக்கம் போனது. போல்ட்டின் மறு முனையை மேலிருந்து இன்னொரு ஸ்பேனர் பிடித்திருக்கிறது. அவர் முறுக்கினால் அது அவிழ்க்கிறது. பீடி வாசனை முகத்துக்கு நேராக வந்தது, யாரோ குனிந்து ஊதுகிற மாதிரி.

"வுட்றா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "என் வண்டிடா இது."

பிடி சட்டென்று விட்டது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் காலடிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. செங்கல் ஒன்று உரசிக்கொண்டு நகர்கிற சத்தம். பிறகு இன்னொன்று.

வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள் அம்சவல்லி. அவள்தான் பார்த்தாள். திருகு ஜாக்கியின் கம்பி தானாகச் சுற்றுகிறது. அவசரமில்லாமல்... நிதானமாக... ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வண்டி அவள் புருஷன் மேல் இறங்குகிறது. பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அவள் கத்தவில்லை. முறத்தை எறிந்துவிட்டு ஓடிப்போய் அவர் இரண்டு காலையும் பிடித்து இழுத்தாள். உடம்பு வெளியே வந்தது. இடது கை வர ஒரு நொடி தாமதம். இரும்பு உட்கார்ந்தது. இரண்டு விரல் போய்விட்டது.

கைக்கட்டு பிரிக்கக்கூட இல்லை, அவர் மாத்தூருக்குப் போனார். அம்சவல்லியும் கூடவே போனாள். சந்திரம்மாள் கதவைப் பாதி திறந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"அந்த வண்டில செத்தது யாரு?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"யாரும் சாவலயே. வண்டிக்காரரு உள்ளதான் படுத்துனு கீறாரு. வந்து பாரு."

உள்ளே இருட்டு. கயிற்றுக் கட்டிலில் ஒரு மனிதர். அவள் புருஷன் இராமச்சந்திரன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பேச்சும் கிடையாது. வருஷக்கணக்காக அந்தக் கட்டிலை விட்டு எழுந்ததில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. அது முனிரத்தினத்தைப் பார்த்தது... எப்படிப் பார்த்தது என்றால், தன் வீட்டுக்குள் நுழைந்த திருடனைப் பார்க்கிற மாதிரி.

போர்வையின் மேல் இரண்டு கையும் கிடந்தன. நகக்கண் வரை கிரீஸ். ஈரம் காயாத புது கிரீஸ்.

சந்திரம்மாள் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்தக் கையைத் துடைக்க ஆரம்பித்தாள். "தெனம் உச்சி வேள தாண்டினா இப்டித்தான். நீ வண்டிய எட்த்துனு போனதுலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி?" என்று கேட்டாள் அம்சவல்லி.

சந்திரம்மாள் புடவைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். இரண்டு பக்கமும் விரல் தடம். பழசு, கறுத்துப்போயிருந்தது.

"வண்டி இங்க நின்ன வரைக்கும் அந்தக் கைக்கு என் கழுத்துதான் வேல. இப்ப வேற வேல கெடச்சிடுச்சி. நான் தூங்கறேன்."

"தெரிஞ்சேதான் என் தலைல கட்டினியா?" என்றார் முனிரத்தினம்.

"ரெண்டு வெரலுதான போச்சி உனுக்கு."

"இவரு எப்டி இப்டிப் படுக்கைல வுழுந்தாரு?" என்று கேட்டாள் அம்சவல்லி. "வண்டி மேலேர்ந்து வுழுந்தா? இல்ல அடில கெடந்தப்பவா? கூட யாரு இருந்தாங்க?"

சந்திரம்மாள் துணியை மடித்தாள். மடித்த துணியை மறுபடியும் மடித்தாள். கட்டிலில் கிடந்தவரின் கண், முனிரத்தினத்தை விட்டு அவள் பக்கம் திரும்பியது. அங்கேயே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் முனிரத்தினம் வண்டியைக் கொளுத்திவிடுகிறேன் என்று மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கினார். அம்சவல்லி பிடுங்கி வைத்தாள்.

"கொளுத்தினா அந்தக் கை சும்மா இருக்குமா? வேற எடம் தேடும். நம்ம வூட்ல ரெண்டு பேரு கழுத்து கீது. வாணாம். அது வண்டிய அவுக்கல, அதுக்குப் புட்ச்ச மாதிரி ரிப்பேர் செஞ்சிக்கப் பாக்குது. செஞ்சிக்கட்டும். நீ கை வெக்காத."

பசுவை விற்றதிலிருந்து அவள் அவரிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் வண்டிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து வைத்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் மண்ணூருக்குப் போனார்கள். சுப்பராயன் வீட்டு வாசலில் முனிரத்தினம் போய் நின்றார். கட்டுப் போட்ட கையைக் காட்டினார். சுப்பராயன் பார்த்துவிட்டு, "உள்ள வா மாமா," என்றான்.

அங்கேயே தங்கி, சாயங்காலம் சாயங்காலம் போய் வண்டியைப் பார்ப்பார். வண்டி ஆள் இல்லாமல் முடிந்துகொண்டு வந்தது. சக்கரம் நான்கும் ஏறின. பிரேக் பிடித்தது. அவரால் சரிசெய்ய முடியாத கதவு ஓசையில்லாமல் மூடியது. நல்ல வேலைக்காரன், என்னைவிட நல்ல வேலைக்காரன் என்று சுப்பராயனிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அழுதாராம்.

கடைசியில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. டேங்க் காலி.

அந்த டேங்கை நிரப்பாமல் விட்டிருக்கலாம். வண்டி அங்கேயே நின்றிருக்கும். முனிரத்தினம் அதை ராத்திரி முழுக்க யோசித்தார். வண்டி ஓடினால் எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியும். விடிந்ததும் ஒரு கேன் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றினார். அம்சவல்லி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. சாவியை வண்டியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

அன்றைக்கு உச்சி வேளை. ஒரகடம் ரோட்டில் சுப்பராயன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். எதிரே அந்த வண்டி. சீரான வேகம். இஞ்சின் சத்தம் அவ்வளவு சுத்தம். புதுசு மாதிரி. டிரைவர் சீட்டில்... யாரும் இல்லை. ஸ்டியரிங் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டு வந்தது. அவன் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தான். வண்டி மாத்தூர் பக்கம் திரும்பிப் போனது.

பொழுது சாய்கிற நேரத்தில் முனிரத்தினமும் அவனும் மாத்தூருக்குப் போனார்கள்.

வண்டி சந்திரம்மாள் வீட்டு வாசலில் நின்றது. பானெட் சூடாக இருந்தது. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அடுப்பில் சோறு தீய்ந்திருந்தது. கட்டிலில் இராமச்சந்திரன் எப்போதும் போல மல்லாந்து கிடந்தார். இரண்டு கையும் சுத்தம். ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. கண் மூடியிருந்தது. செத்துப்போகவில்லை... தூங்கிக்கொண்டிருந்தார். நன்றாக, ஆழமாக.

சந்திரம்மாளைக் காணவில்லை. கிணற்றில் தேடினார்கள். ஏரியில் தேடினார்கள். ஆந்திராவில் சொந்தக்காரர் வீடு வரைக்கும் ஆள் போய் வந்தது. அவள் கிடைக்கவேயில்லை.

ஆனால் அன்றைக்கு அங்கிருந்து கிளம்பும்போது முனிரத்தினம் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடி இரண்டும் மேலே ஏற்றியிருந்தது. உள்ளே ஆள் இல்லை. சீட் காலி. இரண்டு கதவிலும் உள்பக்கக் கைப்பிடி மட்டும் இல்லை. அவ்வளவு வெயிலில் காய்ந்து கிடந்த அந்த வண்டியில், இடது பக்கக் கண்ணாடியில்... உள்பக்கமாக... ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

யாரோ கண்ணாடியில் வாயை வைத்து மூச்சு விடுகிற மாதிரி.