ஆளில்லாத கப்பலுக்கு ஒரு கேப்டன்

வாங்கக்கா, உள்ள வாங்க. இந்த வீடுதான். கப்பக்காரர் வீடுன்னு கேட்டாத்தான் இந்தத் தெருவுல கைகாட்டுவாக. இல்ல, எங்க வீட்டுக்காரரு இல்ல. காலையிலயே தூத்துக்குடிக்குப் போயிட்டாக. ஐயோ, ஒளிச்சுல்லாம் வைக்கலக்கா. வேணும்னா உள்ள போய்ப் பாருங்க, இருக்கதே ரெண்டு ரூமு. பிள்ளையக் கூட நேத்துத்தான் வாசுதேவநல்லூர்ல என் தம்பி வீட்டுல விட்ருக்கேன். பள்ளிக்கூடத்துல உங்க அப்பாவா அது, உங்க அப்பாவா அதுன்னு கேக்குதுகளாம்.

நீங்க யாருன்னு சொல்லாண்டாம். பேப்பர்ல உங்க மவன் ஜெனோ படம் போட்ருந்தாம்லா, அதே புருவம் உங்களுக்கு. வாசல்ல பாக்கும்போதே மனசிலாயிட்டு. அந்தச் சேரு வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க.

ஏசணும்னா ஏசுங்க, கேட்டுக்கிடுதேன். போன்ல நெறைய பேரு ஏசிட்டாக. மொதல்ல போன வச்சிருவேன். இப்ப காதுல வச்சுக்கிட்டே அரிசி களைஞ்சிருவேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிருதேன். உங்க வள்ளம் கவுந்து கெடக்கையில, எங்க வீட்டுக்காரரு கப்பல் மேல நின்னு வேடிக்கை பாத்தாருன்னு நீங்க நெனைச்சிருக்கிய. அப்பிடி இல்லக்கா. அந்தக் கப்பல்ல யாருமே கெடையாது. ஆமா, ஒருத்தர் கூட. ஓட்ட ஆளு, சமைக்க ஆளு, காவலுக்கு ஆளு, எதுவுங் கெடையாது. அதுவாப் போகும், அதுவா வரும். புதுசா இப்பத்தான் விட்டுப் பாக்காங்க.

கப்பல்ல கேட்ட குரலா? குரலு இவுகளதுதான். இங்கன இருந்து பேசுனாக. இங்கனன்னா இந்தா, குத்தாலம் போற ரோட்டுல, இலஞ்சி விலக்கு தாண்டி ஒரு மாடிக் கட்டடம். கீழ டைல்ஸ் கடை, மேல ஏசி ரூமு. நாலு டிவிய முன்னால வச்சுக்கிட்டு நாலு கப்பலப் பாக்கணும், அதான் வேலை. எந்த ஊருல உக்காந்தும் பாக்கலாமாம். கடலு எங்கன இருக்கு, தென்காசி எங்கன இருக்கு. நீங்களே ரெண்டு பஸ்ஸு மாறித்தான வந்துருக்கிய.

இவுக கடலப் பாத்ததே பிள்ளைக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனப்பதான். அங்கயும் முட்டளவுக்கு மேல எறங்கல. நீச்சல் தெரியாதுல்லா. கம்ப்யூட்டர் படிச்சிருக்காக, கம்பெனியில கொஞ்ச நாள் சொல்லிக் குடுத்து உக்கார வச்சுட்டான். ஆப்பரேட்டர்னு பேரு. கேப்டன்னு ஒருத்தரு தனியா வெளிநாட்டுல இருக்காரு. அவருக்குக் கீழ இப்பிடி எத்தனையோ கப்பலு. அவரு மூஞ்ச இவுக நேர்ல பாத்ததில்ல.

அன்னைக்கு மத்தியானம் இவுக சோத்துப் பாத்திரத்தக் கழுவி வச்சுட்டு வந்து உக்காந்துருக்காக. ஒரு டிவில மஞ்சக் கட்டம் ஒண்ணு விழுந்துச்சாம். முன்னால ஏதோ மெதக்குதுன்னு அர்த்தம். மரமா, கூடையா, என்னன்னு அதுக்குத் தெரியாது. இடிக்காம வெலகிப் போகணும், அதுதான் அதுக்குச் சொல்லிக் குடுத்துருக்கு. வெலகித்தான் போயிருக்கு. தப்பே சொல்ல முடியாது. இவுக சும்மா கேமராவத் திருப்பிப் பாத்துருக்காக. கவுந்த வள்ளத்து மேல ஒரு கை ஆடுது. செவப்புப் பனியன். ஜெனோவா அது? ஓ, உங்க கொழுந்தனா. சரி.

ஒடனே அந்த வெளிநாட்டுக் கேப்டனுக்குப் போன் போட்டாக. அவரு, கோஸ்ட் கார்டுக்குத் தகவல் சொல்லு, பக்கத்துல இருக்க போட்டுகளுக்குச் சொல்லு, கப்பல நிறுத்தாத, அது ஆளத் தூக்குத கப்பல் இல்லன்னுருக்காரு. அவரு சொன்னதுலயும் ஞாயம் இருக்குக்கா. அம்மாம்பெரிய இரும்பு, ஒரு அலை தள்ளுனா வள்ளத்தோட சேத்து அதப் புடிச்சிருந்த மூணு பேரையும் நசுக்கிரும்லா. இவுக எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாக. சரி சார்னாக. போன வச்சாக. கப்பல நிறுத்திட்டாக.

நிறுத்தி, காத்து வார பக்கமாக் கொண்டுபோய்க் குறுக்க வச்சாக. மழைக்கு ஸ்கூட்டர லாரி மறைவுல நிறுத்துவோம்லா, அந்த மாதிரி. உங்க கொழுந்தன் சொன்னாரா, கொஞ்ச நேரம் அலை கொறைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு? சொல்லலையா? சரி, அந்த நேரத்துல யாருக்கு அதெல்லாம் தெரியப் போவுது.

கப்பல்ல ஒரு ஸ்பீக்கர் உண்டு. குறுக்க வார போட்ட வெலகச் சொல்லதுக்கு. வெளிச் சத்தம் கேக்க மைக்கும் உண்டு. அதப் போட்டுத்தான் பேசுனாக. பயப்படாதிய, தகவல் சொல்லியாச்சு, ஆளு வாராகன்னு. மூணு பேரும் அண்ணாந்து பாத்துக் கும்புட்டாகளாம். நடுக்கடல்ல நம்ம பக்கத்துப் பேச்சு கேட்டா எப்பிடி இருந்திருக்கும். கயித்தப் போடுங்க அண்ணாச்சி, கயித்தப் போடுங்கன்னு ஒரே சத்தம்.

கயிறு இருந்துச்சுக்கா. அதத்தான் நீங்க கேக்க வந்துருக்கிய, எனக்குத் தெரியும். கப்பல் மேல வட்டமாச் சுத்தி வச்சிருக்கு, கேமராவுலயே தெரியுது. எடுத்துப் போடக் கையில்ல. மெதவை வளையம் இல்ல. கப்பல்ல எத்தன பேரு இருக்காகளோ அவுகளுக்குத் தக்கனதான் வைக்கணும்னு சட்டமாம். ஆளே இல்லாத கப்பலுக்கு எதுக்குன்னு விட்டுட்டாக. கொள்ளைக்காரன் ஏறிரக் கூடாதுன்னு பக்கத்துல ஏணியும் வைக்கல. தண்ணித் தொட்டிச் செவரு மாதிரி வழுவழுன்னு நிக்கும். கடல்ல யாரு தத்தளிச்சாலும் அந்த வழியாப் போற கப்பல் நின்னு தூக்கணும்னு காலங்காலமா சட்டம் இருக்குதாம். இந்த மாதிரிக் கப்பலு எதக் கொண்டு தூக்கணும்னு இனிமேதான் பேசி எழுதப் போறாகளாம்.

இங்கன யாரும் இல்ல, நான் தென்காசியில இருந்து பேசுதேன்னு இவுக சொல்லத்தான் செஞ்சாக. எப்பிடி நம்புவாக? குரலு இருக்கு, ஆளு இல்லையாலேன்னு உங்க கொழுந்தன் ஏசுன ஏச்சு இருக்கே. இல்லக்கா, அவரக் குத்தஞ் சொல்லல. கம்பெனி வக்கீலு அந்தப் பேச்சு ரெக்கார்டப் போட்டுக் காட்டுனாரு, இந்தா இதே எடத்துல வச்சு. நானா இருந்தா அதவிடக் கேவலமா ஏசிருப்பேன். அப்ப ஜெனோதான், விடுங்க சித்தப்பா, பேசுதாருல்லா, பேசட்டும்னான்.

கால்ல அடி அவனுக்கு. வள்ளம் பெரளும்போது எஞ்சின் இழுத்துருக்கு. வலிக்குதா தம்பின்னு கேட்டாக. மரத்துப்போச்சு கேப்டன்னான். நான் கேப்டன் இல்ல தம்பின்னாக. சரி கேப்டன்னான். அந்த எடத்துல அவனே சிரிக்கான், ரெக்கார்டுல கேக்கும். நல்ல கனத்த குரலு என்னா, உங்க மவனுக்கு.

பெறகு என்னமெல்லாமோ பேசுனாக. பேச்ச விட்டா ஒறக்கம் வந்துரும், கை விட்டுப் போயிரும்னு இவுக விடல. உங்க ஊரு மாதா கோயில் கொடியேத்து எப்பன்னு கேட்டாக. பொண்ணு பாத்துருக்கியளாம்லா, அதச் சொன்னான். பொண்ணு வீட்டுல மீனே திங்க மாட்டாகளாம், அத ஒரு பெரிய குறையாச் சொன்னான். குத்தாலத்துல தண்ணி விழுதா கேப்டன்னு கேட்டான். ஆடி மாசந்தான், ஆனா இந்த வருசம் சாரலு பொய்ச்சிட்டு. காத்து மட்டுந்தான் அடிச்சுது, பாறையெல்லாம் காஞ்சு வெள்ளையாக் கெடந்துச்சு. இவுக, விழுது தம்பி, நல்லா விழுது, கூட்டம் தாங்கலன்னுட்டாக. எங்க அம்மாவக் கூட்டிட்டு வாரேன்னான்.

இந்தாங்க, தண்ணி குடிங்க. இல்ல, கொஞ்சம் குடிங்க. இத நிறுத்திக்கிடவா? சரி. சரிக்கா, சொல்லுதேன்.

அலை வந்து மறைக்கும்லா, அப்ப கப்பல் அவன் கண்ணுக்குத் தெரியாது. அப்பல்லாம் கூப்டுவான். கேப்டன், இருக்கியளா? இருக்கேன்னு இவுக சொல்லணும். திரும்ப ஒரு அலை, திரும்ப இருக்கியளா, இருக்கேன். அன்னைக்கு இவுக பேசுனதுல முக்கால்வாசி அந்த ஒரு வார்த்தைதான். ஒரு அலைக்குப் பெறகு அவன் கூப்பிடல. ஜெனோ, நான் இருக்கேன்னு இவுகளாச் சொன்னாக. அதுக்கும் சத்தம் இல்ல. உங்க கொழுந்தன்தான் அலறுனாரு. இவுக கேமராவத் திருப்பித் திருப்பித் தேடிருக்காக. கப்பல நகத்தவும் பயம், அடியில கெடந்தா என்ன செய்ய. விசைப்படகு வந்து மத்த ரெண்டு பேரையும் தூக்குனது அதுக்குப் பெறகுதான். ரொம்பல்லாம் பிந்தலக்கா. கொஞ்சந்தான் பிந்திட்டு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தாக. குளிச்சாக. ரெண்டு தோசை போதும்னாக. மறுநாளு பாலுக்குச் சொல்லிட்டியான்னு கேட்டாக. நான் வழக்கம்போல ஏதோ பேசிக்கிட்டு இருந்தேன். எனக்கு என்ன தெரியும்? பேப்பர்ல வந்த பெறகுதான் தெரியும். கயிறு வீச மறுத்த கப்பல் கேப்டன்னு பெரிசாப் போட்ருந்தான். இது உங்க கப்பலான்னு கேட்டேன். ஆமா, என் குரலுதான்னாக. அம்புட்டுத்தான்.

அழுகல. இன்னைக்கு வரைக்கும் அழுகல. திங்காக, ஒறங்குதாக, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்காக. ஒண்ணே ஒண்ணுதான். யாரு கூப்ட்டாலும் இருக்கேன்னு சொல்லுதாக. பிள்ளை அப்பான்னா, இருக்கேன். வாசல்ல கீரைக்காரி குரல் குடுத்தாலும் உள்ள இருந்து, இருக்கேன். அவ சிரிச்சுக்கிட்டுப் போறா. எனக்கும் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. உங்ககிட்ட எப்பிடிப் பேசிக்கிட்டு இருக்கேன் பாருங்க, யாரு வீட்டுலயோ நடந்ததச் சொல்லுத மாதிரி.

ஆமா, தூத்துக்குடியில விசாரணை. இன்னைக்குத்தான். உங்களுக்கும் சொல்லி விட்டுருப்பாகன்னு நெனைச்சேன். சொல்லலையா? சொல்ல மாட்டாக.

கம்பெனி வக்கீலு வந்து இவுகளுக்குப் பாடம் மாதிரிச் சொல்லிக் குடுத்தாரு. கெட்ட மனுசன் இல்ல, எங்களுக்கு நல்லது நெனைச்சுத்தான் சொல்லுதாரு. சட்டத்துல கேப்டன்னா கப்பல்ல இருக்க ஆளாம். கப்பல்ல ஆளு இல்ல, அதனால கேப்டன் இல்ல. வெளிநாட்டுல இருக்கவர நம்ம சட்டம் எட்டிப் புடிக்காது. நீங்க வெறும் ஆப்பரேட்டரு, டிவி பாத்தவரு, பாதையப் பாத்துக்கிட்டது மெசினு. மெசினக் கூண்டுல ஏத்த முடியாதுல்லா. இப்பிடியே சொல்லிட்டா எல்லாம் தானா அடங்கிரும்னாரு. உங்க புகாரும் அதோட முடிஞ்சுரும்க்கா. கப்பல் கேப்டன் மேல நடவடிக்கை எடுக்கணும்னுதான எழுதிக் குடுத்துருக்கிய? அப்பிடி ஒரு ஆளே கெடையாதுன்னு பதிலு வரும். மூடிருவாக.

நேத்து வக்கீலு போன பெறகு நான் சட்டை தேச்சுக்கிட்டு இருந்தேன். இவுக பக்கத்துல வந்து நின்னாக. உமா, நான்தான் கேப்டன்னு சொல்லப் போறேன்னாக. எதுக்குன்னேன். கேப்டனே இல்லன்னு சொல்லிட்டா, அந்தப் பையன் யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தான்? கடைசியில அவன் கூட யாருமே இல்லன்னுல்லா ஆயிரும்னாக. நான் காலரத் திருப்பிப் போட்டுத் தேச்சேன்.

உள்ள தூக்கிப் போட்டாலும் போடுவாகளாம். கப்பல நிறுத்துனது, பக்கத்துல கொண்டு போனது, கயிறு போடாதது, எல்லாம் இவுக தலையில வரும்லா. வரட்டும்ங்காக. ஆனா இவுக வாயால சொன்னா மட்டும் பத்தாதாம். ஆப்பரேட்டருக்கு மனசு சரியில்ல, ஒளறுதாருன்னு கம்பெனி தள்ளிருமாம். புகார் குடுத்தவுகளும் பேரு போட்டு, இந்த ஆளுதான்னு எழுதிக் குடுத்தாத் தள்ள முடியாதாம். ரெக்கார்ட முழுசாப் போட்டுக் கேட்டே ஆகணுமாம். இந்த மாதிரிக் கப்பல்லாம் என்ன வச்சிருக்கணும், நிக்கணுமா போகணுமா, யாரு பொறுப்பு, எல்லாத்துக்கும் அப்பதான் ஒரு வழி பெறக்கும்னு இவுக நெனைக்காக. பெறக்குமோ என்னமோ, எனக்குத் தெரியல.

காலையில செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னாக. ஜெனோ அம்மா என்னைக்காவது தேடி வருவாக, வந்தா என் முழுப் பேரக் குடுத்துருன்னு. உங்க கொழுந்தனுக்கு இவுக பேரு ஈஸ்வரன்னு மட்டுந்தான தெரியும். இன்னைக்கே வருவியன்னு அவுகளும் நெனைக்கல, நானும் நெனைக்கல. நீங்க உள்ள நொழைஞ்சதுல இருந்து அதத்தான் மனசுக்குள்ள போட்டு உருட்டுதேன். குடுக்கவா, வேண்டாமான்னு. அதுக்குத்தான் இம்புட்டுப் பேச்சும்.

பேனா வச்சிருக்கியளாக்கா? இருங்க, பிள்ளையோடது கெடக்கும். இந்தாங்க. கையில வேண்டாம், அழிஞ்சுரும், இந்தக் காகிதத்துல எழுதிக்கிடுங்க. குற்றாலீஸ்வரன். அப்பா பேரு சிவசுப்பிரமணியன். புகார்ல என்ன வேலைன்னு கேட்டுருந்தா, கேப்டன்னு போடுங்க.